இல்லாத கைக்கு ஒரு கண்ணாடி

எகிப்தியர்கள் மன்னனின் உடலைப் பதப்படுத்தும்போது இதயத்தைப் பத்திரமாக உள்ளேயே விட்டுவிட்டு, மூளையை மட்டும் மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து வெளியே கொட்டினார்கள். மறுமையில் ராஜாவுக்கு எதெல்லாம் வேண்டியிருக்கும் என்று யோசித்துக் கட்டில், நாற்காலி, மது எல்லாவற்றையும் கூடவே அடுக்கியவர்களுக்கு, மூளை வேண்டியிருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. அரசாங்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அரிஸ்டாட்டில் அதற்கும் ஒரு படி மேலே போனார். நினைப்பதெல்லாம் இதயம்தான், சூடேறிய இரத்தத்தை ஆற்றி அனுப்பத்தான் மூளை என்றார். மனுஷன் எங்கள் தேயிலை மலை எல்கடுவயில் மழைக்காலத்தில் பிறந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஹுன்னஸ்கிரிய மலையிலிருந்து இறங்குகிற பனியில் இங்கே எல்லாமே ஏற்கெனவே ஆறித்தான் கிடக்கிறது. தலைக்குள்ளேயும் ஒரு குளிரூட்டியைச் சுமக்க எவனுக்கும் அவசியமில்லை.

மூளைக்காரர்களின் கதையை நான் எங்கள் பெரியப்பாவிடம் சொல்லிச் சொல்லித்தான் பழகினேன். தேயிலை ஸ்டோரில் ரோலர் பக்கம் காலம் தள்ளியவர். எதையும் முகத்துக்கு நேரே நம்ப மறுக்கிற ஆள். ஆனால் இந்தக் கதையில் ஒரு பாதி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருடைய கூட்டாளி ஒருவர் ரோலரில் இரண்டு விரலைக் கொடுத்தவர். மழை வருவதற்கு முன்னால் அந்த இரண்டு விரலும் குடைகிறது என்பாராம். தோட்டத்து டிஸ்பென்சர், எல்லா நோய்க்கும் தருகிற அதே சிவப்புத் தண்ணியை இதற்கும் ஊற்றித் தந்தாராம். "எங்கன தடவுறது ஐயா?" என்று கேட்டதற்கு, "தடவ வேணாம், குடி" என்றாராம். அன்றைய உலக மருத்துவத்தின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

பெரிய இடத்து ஆட்களுக்கும் இதே பாடு. 1797 இல் தெனெரீஃப் தீவைப் பிடிக்கப் போன நெல்சன், தீவைப் பிடிக்காமல் வலது கையை விட்டுவிட்டு வந்தார். போன கை வலித்தது. இல்லாத விரல்கள் இல்லாத உள்ளங்கையில் குத்தின. வேறொருவனாக இருந்தால் வைத்தியரைத் தேடியிருப்பான். நெல்சன் தளபதி அல்லவா, தத்துவத்தைத் தேடினார். கை போன பிறகும் கை இருக்குமென்றால் உடம்பு போன பிறகு ஆள் இருக்கமாட்டானா, ஆன்மா உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றாராம். எதிரியின் குண்டிலிருந்து சைவ சித்தாந்தம் எடுக்கத் தெரிந்தவனைத்தான் வெள்ளைக்காரன் கடற்படைக்குத் தலைவனாக்கி வைத்திருந்தான்.

அடுத்து அமெரிக்க உள்நாட்டுப் போர். கை கால்கள் வண்டி வண்டியாக வெட்டப்பட்ட காலம். ஃபிலடெல்ஃபியாவில் சைலஸ் வெயர் மிட்செல் என்றொரு நரம்பு மருத்துவர், இல்லாத உறுப்பு வலிக்கிறது என்று அழுகிற சிப்பாய்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார். இதை மருத்துவச் சஞ்சிகையில் எழுதினால் சிரிப்பார்கள் என்று பயந்தாரோ என்னவோ, 1866 இல் அட்லாண்டிக் மந்த்லி பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு சிறுகதையாக எழுதிவிட்டார். கதாநாயகன் ஜார்ஜ் டெட்லோ. இரண்டு கையும் இரண்டு காலும் போனவன். கடைசியில் ஆவிகளை அழைக்கிற கூட்டத்துக்கு அவனைக் கொண்டுபோகிறார்கள். ஆவிகள் வருகின்றன. யாருடைய ஆவிகள்? அவனுடைய சொந்தக் கால்களின் ஆவிகள். இராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தில் 3486, 3487 என்று எண் போட்டுப் போத்தலில் வைத்திருந்த கால்கள். டெட்லோ எழுந்து கண்ணுக்குத் தெரியாத கால்களால் நாலு எட்டு நடக்கிறான். கொஞ்சம் தள்ளாடுகிறான். ஒன்பது மாதமாகச் சாராயத்தில் ஊறின கால்கள், தள்ளாடாமல் என்ன செய்யும்? இந்த இடத்தில் பெரியப்பா கையைத் தட்டினார். தவறணைக்குப் போகாமலேயே போதை ஏற இப்படியொரு வழி இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. வாசகர்கள் இதை உண்மையென்று நம்பி, பாவப்பட்ட டெட்லோவுக்காகப் பணம் வசூல் செய்தார்கள், அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கே போனார்கள். இல்லாத மனிதனின் இல்லாத கால்களுக்கு நிஜக் காசு. மூளை அறிவியலை ஜனங்களிடம் கொண்டுபோவது என்ற தொழில் இப்படித்தான் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் கேட்க ஆளில்லை, கதையாகச் சொன்னால் மணியார்டர் வருகிறது. 1871 இல்தான் மிட்செல் தைரியம் வந்து சொந்தப் பெயரில் எழுதி, 'மாய உறுப்பு' என்று நோய்க்குப் பெயரும் வைத்தார்.

அதற்குப் பின் நூறு வருஷத்துக்கு மேலே மாய உறுப்பு அப்படியே கிடந்தது, சென்னையிலிருந்து ஒரு ஆள் கிளம்பி வரும்வரை.

விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன் 1951 இல் பிறந்தார். தாத்தா அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல், இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் ஒருவர். அல்லாடியார் டெல்லியில் உட்கார்ந்து குடிமக்களுக்கு உரிமைகளை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1948 இல், இலங்கை அரசு ஒரு சட்டத்தைப் போட்டு எங்கள் தாத்தாக்களின் குடியுரிமையைச் சீவி எடுத்தது. கவ்வாத்து வெட்டினால் தேயிலையாவது மறுபடி தளிர்க்கும். அறுத்துப் போட்டது வருஷக்கணக்காக வலிக்கும் என்பதை அல்லாடியாரின் பேரன் பிற்பாடு கேம்பிரிட்ஜ் வரை போய்ப் படித்துத் தெரிந்துகொண்டார். நாங்கள் லயத்திலேயே படித்துவிட்டோம். அது வேறு கதை.

அப்பா பொறியியலாளர், ஐக்கிய நாடுகள் வேலையாகக் குடும்பத்தோடு பாங்காக் போனவர். மகனுக்கு இரசாயனம், சிப்பி, புதைபடிவம் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் பைத்தியம். விஞ்ஞானியாகிறேன் என்றான். அப்பா, உலகத்துத் தமிழ் அப்பாக்கள் எல்லோரும் ஒன்றுகூடி நிறைவேற்றி வைத்த தீர்மானத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினார். இரண்டாந்தர டாக்டரும் கௌரவமாகப் பிழைத்துக்கொள்வான், இரண்டாந்தர விஞ்ஞானிக்குப் பிழைப்பே கிடையாது. ஆக, பையன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான். அப்பா கேட்ட டாக்டர் பட்டத்தை 1974 இல் வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, தான் கேட்ட விஞ்ஞானத்தைத் தூக்கிக்கொண்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரிக்கு ஓடிவிட்டான். இதுவும் தமிழ்க் குடும்பங்களில் புதிது இல்லை.

ஆனால் ஓடுவதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தான். ஸ்டான்லியில் மாணவனாக இருந்தபோதே, 1972 இல், நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரை. பேராசிரியர்கள் தலை நரைக்கும்வரை தவம் கிடக்கிற சஞ்சிகை அது. ஆய்வுக்கு வேண்டியது என்ன? புள்ளிப் படங்களும் நிறக் கண்ணாடித் தாளும். ஒரு கண்ணுக்கு ஒரு நிறம், மற்றக் கண்ணுக்கு வேறு நிறம். இரண்டு நிறமும் மூளைக்குள் நீயா நானா என்று சண்டை பிடிக்கும். அந்தச் சண்டைக்கு நடுவிலும் படத்தின் ஆழம் மட்டும் ஒன்றும் ஆகாத மாதிரி தெளிவாகத் தெரிகிறது. ஆக, நிறத்தைப் பார்க்கிற வழி வேறு, ஆழத்தைப் பார்க்கிற வழி வேறு. கோடிக்கணக்கில் இயந்திரம் வேண்டியதில்லை, யாரும் கேட்காத ஒரு கேள்வியும் கடைத்தெருவில் வாங்கிய நாலு சாமானும் போதும் என்ற கெட்ட பழக்கம் இந்த மனிதருக்கு அங்கேதான் ஒட்டியது. அதற்குப் பிறகும் விடவில்லை.

1983 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உளவியல் ஆசிரியரானார். சில வருஷம் கண் காட்டுகிற வித்தைகளைப் பற்றியே எழுதினார். அப்புறம்தான் குரங்குகளின் சேதி வந்தது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1930களில் மொன்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மின்முனையை வைத்து, "இப்போ எங்கே உணருது?" என்று கேட்டுக் கேட்டு ஒரு வரைபடம் போட்டார். மூளையின் மேற்பரப்பில் உடம்பு முழுக்க வரிசையாகக் கிடக்கிறது. ஆனால் வரிசையில் ஒரு கோளாறு. கைக்குப் பக்கத்து வீடு தோள் மட்டுமல்ல, அடுத்த பக்கம் முகம். பாதத்துக்குப் பக்கத்து வீடு, சபையில் சொல்லக்கூடாத உறுப்பு. 1991 இல் டிம் பொன்ஸ் என்பவரும் கூட்டாளிகளும், கையின் உணர்வு நரம்பு பல வருஷத்துக்கு முன்பே அறுபட்ட குரங்குகளை ஆராய்ந்தார்கள். குரங்கின் முகத்தைத் தொட்டால் மூளையில் கைக்கான பகுதி துள்ளியது. காலி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் குடியேறிவிட்டான் என்று முடிவு செய்தார்கள்.

எல்லோரும் குரங்கோடு நின்றார்கள். குரங்கிடம், "உனக்கு இப்ப முகம் அரிக்குதா, கை அரிக்குதா?" என்று கேட்க முடியாதே. ராமச்சந்திரன் கேட்கக்கூடிய ஆளைத் தேடினார். கார் விபத்தில் முழங்கைக்கு மேலே கையை இழந்த ஒரு பதினேழு வயதுப் பையன் கிடைத்தான். கண்ணைக் கட்டி உட்காரவைத்தார். கையில் எடுத்த ஆயுதம், காது குடைகிற பஞ்சுக் குச்சி. கன்னத்தில் தொட்டார். "கன்னத்தில தொடுறீங்க. ஆனா என் பெருவிரலையும் தொடுறீங்க" என்கிற மாதிரி பையன் சொன்னான். இல்லாத பெருவிரல். மேலுதட்டில் தொட்டால் சுட்டுவிரல். கீழ்த்தாடையில் தொட்டால் சின்ன விரல். முகத்தில் ஒரு முழுக் கை வரிசையாக விரித்துக் கிடந்தது. வெந்நீரை முகத்தில் வழியவிட்டால், இல்லாத கையிலும் வெந்நீர் வழிந்தது. பையனுக்கு இதில் ஒரு உடனடி லாபம். மாயக் கை அரித்தால் எங்கே சொறிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப நம்ம ஆளு தாடையைச் சொறிஞ்சிருந்தா போதுமே, அந்தச் செவப்புத் தண்ணி என்ன கசப்பு தெரியுமா?" என்றார் பெரியப்பா.

பாதத்துப் பக்கத்து வீட்டு விவகாரத்தையும் சொல்லாமல் போனால் சரித்திரத்துக்குத் துரோகம். இந்த ஆய்வைக் கேள்விப்பட்டு, காலை இழந்த ஒரு பொறியியலாளர் ராமச்சந்திரனுக்குத் தொலைபேசி எடுத்தார். தாம்பத்திய இன்பத்தின் உச்சம் தனக்கு இல்லாத பாதத்திலும் பரவுகிறது என்றார். இதைப் புகாராகச் சொல்லவில்லை. முன்பு ஒரு இடத்தில் மட்டும் கிடைத்தது, இப்போது பாதம் வரைக்கும் விரிந்திருக்கிறது என்ற கணக்கில்தான் சொன்னார். ராமச்சந்திரன் இந்தச் சம்பவத்தை உலகத்தின் எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டார். எந்த மேடையிலும் சிரிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்ன அன்று பெரியம்மா தேத்தண்ணியோடு வந்துவிட்டதால் பேச்சு மிளகு விலைக்குத் திரும்பியது.

இனிமேல்தான் கண்ணாடி.

சில பேருக்கு மாயக் கை அசையவே அசையாது. மோட்டார் சைக்கிள் விபத்தில் கை செயலிழந்து, பிறகு வெட்டி எடுக்கப்பட்ட ஒருவருக்கு, பத்து வருஷமாக மாயக் கை சிமெந்தில் வார்த்த மாதிரி ஒரே நிலையில் இறுகிக் கிடந்தது, தாங்கமுடியாத வலியோடு. ராமச்சந்திரன் யோசித்தார். கை உயிரோடு இருந்த காலத்தில் மூளை "அசை" என்று கட்டளை அனுப்பியது. கண், "அசையவில்லை" என்று திருப்பிச் சொன்னது. திரும்பத் திரும்ப இதே பதில். கடைசியில் மூளை, அசையாது என்பதை மனப்பாடம் செய்துவிட்டது. கையை வெட்டினாலும் பாடம் போகவில்லை. சரி, கண்ணைக்கொண்டே மூளைக்கு ஒரு பொய் சொன்னால் என்ன?

அந்தப் பொய்யை அவர் செய்த விதத்தைப் பாருங்கள். மூடி கழற்றிய அட்டைப்பெட்டி. நடுவே செங்குத்தாக ஒரு சாதாரணக் கண்ணாடி. முன்பக்கம் இரண்டு ஓட்டை. ஒரு ஓட்டையில் நல்ல கையை விட வேண்டும். மற்ற ஓட்டையில் இல்லாத கையை 'விட' வேண்டும். பிறகு கொஞ்சம் சரிந்து கண்ணாடியைப் பார்த்தால் நல்ல கையின் பிம்பம், போன கை இருக்க வேண்டிய இடத்தில் சரியாகப் போய் உட்காரும். இப்போது இரண்டு கையையும் ஒன்றாக, வாத்தியக் குழுவை நடத்துகிறவர் மாதிரி அசையுங்கள் என்றார். அந்த மனிதர் அசைத்தார். பத்து வருஷமாக அசையாத முழங்கையும் மணிக்கட்டும் அசைகிறது என்று கத்திவிட்டார். ராமச்சந்திரன் கண்ணை மூடச் சொன்னார். மறுபடி உறைந்துபோனது. திறந்தால் அசைந்தது.

பெட்டியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார் ராமச்சந்திரன். சில வாரம் போய் அந்த மனிதரிடமிருந்து சேதி வந்தது. மாயக் கையைக் காணோம். பத்து வருஷம் கூட இருந்த கை போய்விட்டது, முழங்கை வலியும் கூடவே போனது. ஆனால் விரல்கள் மட்டும் போகாமல் தோளிலிருந்து நேராகத் தொங்குகின்றன, அதற்கும் ஒரு பெட்டி செய்து தர முடியுமா என்று கேட்டார்.  இல்லாத ஒரு உறுப்பை வெட்டி எடுத்த முதல் அறுவை சிகிச்சை இதுதான் என்று ராமச்சந்திரன் பெருமையோடு எழுதினார். கத்தியில்லை, மயக்க மருந்தில்லை, இரத்தமில்லை. ஸ்டான்லியில் படித்த அறுவைப் பாடத்தை அவர் பயன்படுத்திய இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் கூட்டம் கூடிவிட்டது. 1998 இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயோடு எழுதிய 'ஃபாண்டம்ஸ் இன் த பிரெய்ன்' வந்தது. ஆலிவர் சாக்ஸ் முன்னுரை எழுதினார். 1948 இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தொடக்கிவைத்த பீபீசியின் ரீத் உரைகளை 2003 இல் ராமச்சந்திரன் நிகழ்த்தினார். 2007 இல் பத்மபூஷண். 2009 இல் 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், முகத்தைச் சிரிக்கவிடாத அந்த டாக்டர், பக்கத்து வீட்டுக்காரனைக் கட்டிப்போட்டு கண்ணாடிப் பெட்டி வைத்தியம் செய்தார். 2011 இல் டைம் இதழின் நூறு பேர் பட்டியல். நரம்பு விஞ்ஞானி எரிக் காண்டல் அவரை, மூளை ஆராய்ச்சி முன்னோடி போல் புரோக்காவின் நவீனகால வடிவம் என்றார். ரிச்சர்ட் டாக்கின்ஸ், நரம்பியலின் மார்க்கோ போலோ என்றார்.

இந்த மார்க்கோ போலோ பட்டத்தை இங்கே உள்ளவர்கள் கொஞ்சம் நிதானித்துத்தான் வாங்க வேண்டும். அந்த மனிதரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். 13 ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கைப் பக்கம் வந்துபோனவர். சிவனொளிபாதமலையில் ஏறச் சங்கிலி கட்டியிருக்கிறது என்று எழுதினார். அது உண்மை. இலங்கை ராஜாவிடம் ஒரு சாண் நீளத்தில், ஆள் கைப் பருமனில், ஒரு கீறல்கூட இல்லாத மாணிக்கம் இருக்கிறது என்றும் எழுதினார். அந்த மாணிக்கத்தை இதுவரை யாரும் கண்டதில்லை. ஒரே புத்தகத்தில் சங்கிலியும் இருக்கும், மாணிக்கமும் இருக்கும். வாசிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மாணிக்கம்தான் நினைவில் நிற்கும். டாக்கின்ஸ் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, ராமச்சந்திரனுக்கு அந்தப் பட்டம் அளவெடுத்துத் தைத்த சட்டை.

சங்கிலிகளைப் பார்த்துவிட்டோம். இப்போது மாணிக்கங்கள்.

முதலாவது, கடவுள். வலிப்பு நோயாளிகள் சிலருக்கு மதப் பித்து ஏறுவது பழைய சேதி. ராமச்சந்திரன் அப்படிப்பட்ட இரண்டு பேரின் கையில் மின்முனை ஒட்டி, வார்த்தைகளையும் படங்களையும் காட்டி, உள்ளங்கை எதற்கு வியர்க்கிறது என்று அளந்தார். நமக்கெல்லாம் எதற்கு வியர்க்குமோ அதற்கு அவர்களுக்கு வியர்க்கவில்லை. சாமி படத்துக்கு வியர்த்தது. 1997 இல் இதைச் சொன்னதுதான் தாமதம், மூளையில் கடவுள் குடியிருக்கும் புள்ளி கண்டுபிடிக்கப்பட்டது என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. இரண்டே பேரின் உள்ளங்கை ஈரத்தில் கடவுளுக்கு விலாசம் எழுதிவிட்டார்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கும் நாளில் அந்தக் கருவியைக் கொண்டுவந்திருந்தால் கருவியே சாமியாடியிருக்கும்.

இரண்டாவது, கலை. வில்லியம் ஹர்ஸ்டீனோடு சேர்ந்து 1999 இல் சோழர் காலத்துப் பார்வதி வெண்கலத்தை மூளை விஞ்ஞானத்தால் விளக்கக் கிளம்பினார். சதுரத்தை விட்டு நீள்சதுரத்தைத் தேர்ந்தால் தீனி கிடைக்கும் என்று பழகிய எலி, இன்னும் நீளமான நீள்சதுரத்தைக் கண்டால் இன்னும் பாய்ந்து ஓடும். அதுபோலச் சோழச் சிற்பி பெண்மையின் சாயலை எடுத்து ஒரு பங்கு மிகைப்படுத்தினான், நாம் மயங்குகிறோம் என்றார். கடற்காக்கைக் குஞ்சு தாயின் அலகிலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தும். அலகுக்குப் பதிலாக மூன்று வெள்ளைக் கோடு போட்ட சிவப்புக் குச்சியைக் காட்டினால் இன்னும் வெறியோடு கொத்தும் என்பது விலங்கியலாளர் டின்பெர்கன் கண்டது. கடற்காக்கைகளுக்கு ஓவியக் கூடம் இருந்தால் அந்தக் குச்சியை மாட்டி வைத்துக் கோடிக்கணக்கில் விலை பேசியிருக்கும் என்று ராமச்சந்திரன் கிண்டலடித்தார். கலை விமர்சகர்கள் சிரிக்கவில்லை. தஞ்சாவூர் ஸ்தபதியை எலியோடும் கடற்காக்கையோடும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார் என்று சண்டைக்கு வந்தார்கள். எனக்கு இந்தச் சண்டையில் ராமச்சந்திரன் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. நூறு வருஷத்துக்கு முன்பு இதே சிலைகளைப் பார்த்து முகம் சுளித்த வெள்ளைக்காரத் துரைமாரைவிட எலி ரசனை தெரிந்தது.

மூன்றாவதுதான் கோகினூர். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரத்தில், குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போது துடிக்கிற சில மூளைச் செல்கள், வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் துடிப்பதைக் கண்டார்கள். பிரதிபலிப்பு நியூரான் என்று பெயர் வைத்தார்கள். கண்ணாடி என்றாலே விடாத மனிதர் இதை விடுவாரா? உயிரியலுக்கு டீஎன்ஏ எதுவோ, உளவியலுக்கு இந்த நியூரான் அதுவாகும் என்று 2000 இல் எழுதிவிட்டார். மனிதன் மொழி பேசியது, கருவி செய்தது, பிறர் துன்பத்துக்குக் கண் கலங்கியது எல்லாவற்றிலும் இந்தச் செல்லுக்குப் பங்கு கொடுத்தார். 2009 இல் மைசூரில் நடந்த டெட் கூட்டத்தில் இவற்றுக்குக் 'காந்தி நியூரான்' என்று செல்லப்பெயரும் சூட்டினார். பார்மாவில் தீனி பொறுக்கிய குரங்கு இவ்வளவு சீக்கிரம் மகாத்மா ஆகும் என்று எதிர்பார்த்திருக்காது. ஆட்டிசத்துக்கும் காரணம் இந்தக் கண்ணாடி உடைந்ததுதான் என்றொரு கருத்தையும் 2006 இல் பெரிய அளவில் பரப்பினார். அது அவ்வளவாக நிலைக்கவில்லை. 2014 இல் கிரகரி ஹிக்கொக் என்ற விஞ்ஞானி, இந்த நியூரான் கட்டுக்கதைகளைப் பிரித்துப் போட ஒரு முழுப் புத்தகமே எழுத வேண்டியதாயிற்று. பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒவ்வொரு தலைப்புச் செய்தியையும் நம்பி ஓடுகிற ஒரு விஷயத்தில் இவ்வளவு வேகமாக மாணிக்கத்தைக் காட்டியிருக்க வேண்டாம். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பரிணாம உளவியல்காரர்கள் எதற்கெடுத்தாலும் ஆதிமனிதனைச் சாட்சிக்கு இழுப்பதைப் பார்த்து எரிச்சலான ராமச்சந்திரன், ஆண்களுக்கு ஏன் பொன்னிறக் கூந்தல் பெண்களைப் பிடிக்கிறது என்று ஒரு கட்டுரையை வேண்டுமென்றே புளுகி எழுதினார். வெளிர்த்தோலில் நோய், ஒட்டுண்ணி, வயசு எல்லாம் சுலபமாகத் தெரிந்துவிடும், அதனால்தான் பிடிக்கிறது என்று. 1997 இல் மெடிக்கல் ஹைப்பாதிசிஸ் சஞ்சிகை அதை அச்சிட்டுவிட்டது. சக விஞ்ஞானிகள் பலருக்கு அது கேலி என்றே தெரியவில்லை. மறு வருஷம், அதே சஞ்சிகையில், மனிதன் ஏன் சிரிக்கிறான் என்று ஒரு கட்டுரை எழுதினார். இது கேலியல்ல, நிஜம் என்றார். புலி வருகிறது என்று எத்தனை தரம் கத்தினால் ஊர் நம்பும் என்ற கதையை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஆனால் அந்தக் கோட்பாடு எங்கள் மலைக்கு அச்சாகப் பொருந்தும். சிரிப்பு என்பது, ஆபத்து என்று நினைத்தது ஆபத்து இல்லை என்று கூட்டத்துக்குச் சொல்கிற சைகை என்கிறார். நக்கிள்ஸ் அடிவாரத்துத் தோட்டங்களில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். ஒரு காலை, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலையில் ஒரு அக்கா, "அய்யோ, புலி!" என்று கத்தினார். கூடைகள் உருண்டன. கங்காணி எல்லோருக்கும் முந்தி ஓடினார். செடிக்குள்ளிருந்து சாவகாசமாக வெளியே வந்தது கங்காணி வீட்டு நாய். ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த மலை முழுக்கச் சிரித்த சிரிப்பு கீழே ரோட்டில் மாத்தளை பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கே கேட்டது. கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. ஒரே பொய் அபாயத்தில் இரண்டு விதமாக மானம் போனவர் சிரிப்பாரா என்பதற்கு ராமச்சந்திரனின் கோட்பாட்டில் விளக்கம் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கண்ணாடி வைத்தியத்தின் கதி என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட முடியாது. 2007 இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் ஒரு பரிசோதனை வந்தது. போரில் காலை இழந்த அமெரிக்க வீரர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கண்ணாடி. ஒரு பிரிவுக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி. ஒரு பிரிவுக்குக் கண்ணை மூடிக் கற்பனை. முடிவுவரை இருந்தவர்கள் பிரிவுக்கு ஆறு பேர். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக்காரர்களில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது. கற்பனைக்காரர்களில் பாதிக்கு மேல் வலி கூடிப்போனது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில ஆமாம் என்றன, சில அவ்வளவு இல்லை என்றன. என்றாலும், தானே ஒரு காலை இழந்த ஸ்டீபன் சம்னர் என்ற கனடாக்காரர், கண்ணிவெடிகள் தின்ற கம்போடியாவில் சைக்கிளில் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகக் கொடுத்துத் திரிந்தார். அங்கே காசு கொடுத்து மருந்து வாங்க வழியில்லாதவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கத்துக்கு வந்த சோதனைதான் பெரிது. காலி வீட்டில் முகம் குடியேறுகிறது என்ற கதையை லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் வேலை செய்த தமார் மகின் என்பவர் 2013 இலிருந்தே துருவத் தொடங்கினார். 2025 இல் அவருடைய குழு, கை வெட்டப்படுவதற்கு முன்னும் பின்னும் மூன்று பேரின் மூளையைத் தொடர்ந்து படம் பிடித்துப் பார்த்தது. கையின் வரைபடம் அப்படியே இருந்தது. முகம் குடியேறவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வெளியே வாசலில் நின்று சத்தம் போட்டானே தவிர, உள்ளே காலடி வைக்கவில்லை என்று தெரிந்தது. ஆக, பஞ்சுக் குச்சியின் விளக்கம் ஆட்டங்கண்டிருக்கிறது, கண்ணாடி இன்னும் ஆஸ்பத்திரி மேசையில் நிற்கிறது. இதைக் கேட்ட பெரியப்பா, "அவரு வீட்டுக்கு விளக்கம் சொன்னது தப்பா இருக்கலாம். பூட்டைத் தொறந்தது அவருதானே?" என்றார். பெரியப்பா யாரையும் பாராட்டி நான் கேட்டது அதுவரை இல்லை.

கடைசியாக ஒரு சேதி. சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட புதைபடிவப் பைத்தியம் ராமச்சந்திரனை விடவில்லை. விற்பனைக்கு வந்த ஒரு டைனோசர் மண்டையோட்டை வாங்கினார். 2009 இல் பெங்களூரிலிருந்து வெளியாகும் கரண்ட் சயன்ஸ் சஞ்சிகையில் அது ஒரு புதிய இனமென்று அறிவிக்கப்பட்டது, பெயர் 'மினோட்டரசாரஸ் ராமச்சந்திரனி'. மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்திலிருந்து அனுமதியில்லாமல் வெளியே வந்ததாக இருக்கலாம் என்று ஒரு சர்ச்சையும் கூடவே வந்தது. அப்படி ஆதாரம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார் அவர். ஆதாரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெயர் பெயர்தான், விலங்கியல் சட்டம் அதைத் திருப்பி வாங்காது. கவசம் பூண்ட சைவ டைனோசர் அது. மூக்கு, கன்னம், நெற்றி என்று மண்டை முழுக்கக் கொம்பும் தகடுமாக எலும்பு அடுக்கியிருக்கும். அந்தக் குடும்பத்து டைனோசர்களுக்கு உடம்பு மாட்டைவிடப் பெரிது. அவ்வளவு எலும்புக்கும் நடுவே மூளை வைக்க மிஞ்சிய இடம் மிகச் சின்னது.